கட்டை அவிழ்த்தால் என்ன?

எல்லோரும் சௌக்கியந்தானே? குளிர் உங்களை ஒன்றும் படுத்தவில்லையே?

ஜெனீவாவில் பனி கொட்டிய ஒரு காலையில், க்ளோதின் கைக்குழந்தையோடு பக்கத்து வீட்டுக்குப் போனாள். அது தத்துவ ஞானி தியோதோரின் வீடு. கை காலை ஆட்டுவது மனிதனின் பிறவி உரிமை, பிள்ளைகளைத் துணியால் இறுக்கிச் சுற்றாதீர்கள் என்று அவர் எழுதியதைப் படித்துத்தான், தன் பிள்ளையைச் சுற்றிக் கட்டும் வழக்கத்தையே அவள் விட்டிருந்தாள்.

உள்ளறையில் ஞானியின் மனைவி பெர்னெத் அதட்டிக்கொண்டிருந்தாள்.

"உதைக்கக் கூடாது! என் கண்ணுல்ல, கையை உள்ளே வை. இன்னும் ஒரே சுத்துதான்."

க்ளோதின் வாசலிலிருந்தே கத்தினாள். "அக்கா! பேரன் வந்திருக்கானா? உங்க வீட்டுக்காரர் எழுதினதுக்கு நீங்களே விரோதமா? அவிழ்த்து விடுங்க, பாவம்!"

"அவிழ்த்தா எழுந்து பனியில ஓடிடும்டி. நெஞ்செல்லாம் சளி. இன்னொரு தடவை குளிர் பட்டா உசிருக்கே ஆபத்துன்னு வைத்தியர் சொல்லிட்டார்."

"நானே அவிழ்க்கிறேன்!" என்று க்ளோதின் உள்ளே நுழைந்தாள்.

கட்டிலில், தாடையிலிருந்து பாதம்வரை குழந்தைத் துணியால் சுற்றப்பட்டுக் கிடந்தார் தியோதோர்.

"அவிழ்த்துடாதேம்மா, கதகதன்னு இருக்கு" என்றார் ஞானி. "புஸ்தகத்தை அப்புறம் திருத்திக்கலாம். பெர்னெத், மூக்கு அரிக்குது. கொஞ்சம் சொறிஞ்சு விடேன்."

உங்கள் வீட்டில் இப்படிக் கட்டிப்போட வேண்டியவர் யார்? எழுதுங்களேன்.