கூண்டின் மூலை

லேத் பட்டறைக்காரர் மண்வெட்டியோடு தோட்டத்தில் இறங்கியபோது அவர் கண்ணில் கொலைவெறி இருந்தது.

“நம்ம முயலோட நெஞ்சைப் பாத்தியா? முடியே இல்ல. எல்லாம் இந்தச் சுண்டெலிங்க வேலை!”

“போன மாசம் ஊருக்குப் போனப்ப பக்கத்து வீட்டு முயலோட விட்டுட்டுப் போனோமே, அது கடிச்சிருக்குமோ?” என்றாள் மனைவி.

“அது போன மாசம். இது நேத்து ராத்திரி. சும்மா இரு!”

“எதுக்கும் மாட்டு டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடறேன்” என்று உள்ளே போனாள்.

வேலியோர வளையில் தண்ணீரை ஊற்றினார். தலைதெறிக்க ஓடிவந்த சுண்டெலிகள் மூன்றும் மூன்றே அடியில் நசுங்கின. சட்டையில் ரத்தம் தெறித்தது. ஆத்திரம் மட்டும் அடங்கவில்லை.

கூண்டைத் திறந்து மூலையிலிருந்த வைக்கோலைக் கிளறினார். முயலின் வெள்ளை முடி மெத்தையாகக் கிடக்க, அதற்குள் ரோமமில்லாத ஐந்து குஞ்சுகள் கண்மூடி நெளிந்தன.

“என் முயலைப் பிச்சு உங்களுக்கு மெத்தை கேக்குதா?”

முயல் காலால் தரையை அறைந்தது. பாய்ந்து அவர் கையைக் கடித்தது.

“பயப்படாதடி செல்லம், பூண்டோட ஒழிச்சிடறேன்” என்று அதை ஒதுக்கித் தள்ளிவிட்டு, ஐந்தும் அடங்கும்வரை மண்வெட்டியால் கொத்தினார்.

மனைவி மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

“ஏங்க, கூண்டைத் தொட்டுடாதீங்க! குட்டி போடப்போற முயல் தன் முடியைத் தானே பிடுங்கி மெத்தை போடுமாம். பொறந்த குட்டி பாக்க எலிக்குஞ்சு மாதிரியே இருக்குமாம்!”

அவர் மெல்லத் திரும்பிப் பார்த்தார்.

வயிற்றில் மிச்சமிருந்த முடியையும் பிடுங்கிப் பிடுங்கி, முயல் அந்த மூலையைப் போர்த்திக்கொண்டிருந்தது.