அப்புறம் வாங்க

நண்பன் கதிர்வேலோடு சண்டை போட்ட மறுநாள், சபாபதி கடலூர் அலுவலகத்துக் கணினிகளுக்குக் காவலான ஃபயர்வாலில் ஒரு விதி எழுதினான். சிதம்பரம் கிளையிலிருந்து கதிர்வேலின் கணினி சாட்டில் பேச வந்தால் திருப்பி அனுப்ப வேண்டும். அனுமதி, மறுப்பு என்று இரண்டு செயல்கள்தான் அதில் இருந்தன. முகத்தில் அடித்தாற்போல் மறுக்க மனம் வராமல், 'அப்புறம் வாங்க' என்று காட்டும் மூன்றாவது செயலைத் தானே உருவாக்கினான்.

மாசியில் கதிர்வேல் பைக் விபத்தில் இறந்தான். அதுவரை இருவரும் பேசவில்லை.

வைகாசியில் பார்த்தபோது அந்த விதி இன்னும் வேலை செய்துகொண்டிருந்தது. அன்று காலையிலும் கதிர்வேலின் கணினி வந்து திரும்பியிருந்தது. சபாபதி சிதம்பரம் கிளையின் ஜெயராணிக்குப் போன் செய்தான்.

"அக்கா, கதிர்வேல் கம்ப்யூட்டர இப்ப யாரு யூஸ் பண்றாங்க?"

"அத காயலாங்கடையில போட்டாச்சே தம்பி. அவன் சீட்டுல தண்ணி கேன்தான் உக்காந்திருக்கு."

அவன் என்ன சொல்ல வந்தான் என்று கேட்காமலே விட்டதுதான் சபாபதியை உள்ளுக்குள் அறுத்தது. விதியை அனுமதிக்கு மாற்றினான். மதியம் சாட் பெட்டி திறந்தது.

"சாப்பிட்டியா மச்சான்?"

'இன்னும் இல்லடா' என்று டைப் செய்துவிட்டுக் காத்திருந்தான். கதிர்வேல் எழுதிக்கொண்டிருப்பதாகப் பெட்டியின் அடியில் காட்டியது. சாயங்காலம் எல்லோரும் கிளம்பிப் போன பிறகும் கதிர்வேல் எழுதிக்கொண்டுதான் இருந்தான்.