பதினோராவது வாரம்

நஸ்ரியாவின் தண்ணீர் பாட்டில் உருண்டு பள்ளிக்கூட வேனுக்கு அடியில் போய்விட்டது. எடுக்கக் குனிந்த அவள் அம்மா ரம்ஷா நிமிரவே இல்லை.

பின்சக்கரத்து டயர் தேயாமல் புதுசு போலத்தான் இருந்தது. ஆனால் பக்கவாட்டு ரப்பரில் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு.

வெளிப்பக்கம் டயரின் அளவு இருந்தது, தாங்கும் எடை இருந்தது. தயாரித்த தேதி மட்டும் இல்லை.

பர்தா மண்ணில் புரள, வேனுக்கு அடியில் தலையை நுழைத்து, செல்போன் வெளிச்சத்தில் டயரின் உள்பக்கத்தைப் பார்த்தாள். சின்னக் கட்டத்துக்குள் நான்கு எண்கள்.

1116.

இரண்டாயிரத்துப் பதினாறாம் வருஷம், பதினோராவது வாரம். நஸ்ரியாவே அதற்குப் பிறகு பிறந்தவள்.

வெளியே வந்தவள் வேன் கதவைத் திறந்து குழந்தைகள் அத்தனை பேரையும் இறக்கிவிட்டாள்.

“ஏனுங்க அம்மணி, புது டயருங்க. போன மாசந்தானுங்க மாத்துனோம்,” என்று பதறினார் டிரைவர் திருமலைசாமி.

“ஓடாம இருந்தாப் புதுசாயிருமாங்க? ஒம்பது வருசம் குடோன்ல கெடந்து செத்த ரப்பருங்க இது. திருச்சி ரோட்டுல வெடிச்சா இந்தக் குழந்தைங்க…”

சிங்காநல்லூர் பஸ்ஸைப் பிடிக்கப் போனவர்கள்கூட நின்று பார்த்தார்கள்.

தேதி தெரியக் கூடாதென்றே அந்தப் பக்கத்தை உள்ளே திருப்பி மாட்டியிருக்கிறான் ஒருத்தன். தெரியாமல் செய்ததல்ல. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. அவன் வீட்டில் குழந்தையே கிடையாதா?

“எந்தக் கடையில வாங்குனீங்க? சொல்லுங்க, போலீஸைக் கூட்டிட்டே போலாம்.”

திருமலைசாமி தோளில் கிடந்த துண்டை எடுத்து டயரைத் துடைத்தார். அங்கே துடைக்க ஒன்றுமில்லை. அவள் விடாமல் கேட்கவும், பக்கத்தில் வந்து அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

“உவைஸ் பாய் கடையிலதானுங்க. அவரே மாட்டிக் குடுத்தாருங்க. நம்ம பாப்பா போற வண்டின்னு வெலையும் கொறச்சுப் போட்டாருங்க.”

உவைஸ் அவள் கணவன்.

பழைய ஸ்டாக்கெல்லாம் ஒருவழியாகத் தீர்ந்தது என்று போன மாதம் ஒருநாள் சிரித்த முகத்தோடு வீட்டுக்கு வந்தான். அன்றைக்கு அவளும் சந்தோஷமாகப் பாயசம் வைத்தாள்.

“எந்தக் கடையாமாங்க?” என்று கேட்டாள் ரூத். அவள் மகன் மெல்வினும் இதே வேனில்தான் போகிறான்.

திருமலைசாமி தரையைப் பார்த்தபடி நின்றார். கொன்றாலும் அவர் சொல்லப்போவதில்லை.

ரம்ஷா மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை நேரம் கத்திய அதே குரலில்தான் சொன்னாள்.

“எங்க கடை.”