கூரை மட்டப் படம்

"பல் வலி சார்," என்றாள் சங்கரி. "ராவெல்லாம் துடிச்சுட்டு இப்பத்தான் கண்ண மூடிக்கீறாரு."

புது வீட்டு வாசலில், பிளாஸ்டிக் நாற்காலியில், அவள் கணவன் சடையப்பன் தலையைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்திருந்தான். தாடையைச் சுற்றி உச்சந்தலையில் வெள்ளைத் துண்டு முடிச்சுப் போட்டிருந்தது. தம்பி பாலா பக்கத்தில் நின்று அண்ணனின் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

அரசு வீட்டுத் திட்ட ஓவர்சியர் பரணிதரன் பைக்கை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றினார். காலையிலேயே திருப்போரூர்ப் பக்கம் மூன்று வீடு முடித்திருந்தார். இன்னும் பதினொன்று பாக்கி என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

"இன்னிக்கு மார்ச் முப்பத்தொண்ணும்மா. சாயங்காலம் கம்ப்யூட்டர்ல மூடிடுவாங்க. ஆளோட படம் ஏறலன்னா கூரைத் தவணை திரும்பிப் போயிடும். அப்புறம் சட்டசபையில மறுபடி பணம் ஒதுக்கி, புது லிஸ்ட் வந்து... எப்போன்னு என்னைக் கேக்காதீங்க."

"தெரியும் சார். அதான் குந்த வெச்சிருக்கோம்."

அரசாங்கத்துக்குப் படம் என்றால் அப்படி ஒரு ஆசை. அஸ்திவாரம் போட்டால் ஒரு படம், ஜன்னல் மட்டம் வந்தால் ஒரு படம், கூரை போட்டால் ஒரு படம். மூன்றிலும் பட்டாக்காரர் வீட்டோடு இருந்தாக வேண்டும், ஆளில்லாத வீடு அதன் கண்ணுக்கே தெரியாது. முதல் இரண்டு படத்துக்கும் சடையப்பன் மகாபலிபுரத்து ரிசார்ட்டில் கொடுத்த வாட்ச்மேன் சட்டையைப் போட்டுக்கொண்டு, சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றிருந்தான்.

இந்தத் தவணை வந்தால்தான் கதவு, ஜன்னல். முன்னறையில் நாஸ்தா கடை போட சங்கரி எழுதிக் கொடுத்த மானியக் கடன் மனுவும் வீடு முடியட்டும் என்று ஓவர்சியரின் ஆபீசிலேயே தூங்கிக்கொண்டிருந்தது. இரண்டு மழைக்காலம் தார்ப்பாய்க்கு அடியில் குடித்தனம் செய்தாயிற்று, மூன்றாவது மழையை அந்தத் தார்ப்பாய் தாங்காது.

சங்கரி எல்லாவற்றையும் வரிசையாக நினைத்துப் பார்த்தாள். நினைப்பு வந்தது, அதோடு வர வேண்டிய எதுவும் வரவில்லை. விடிந்ததிலிருந்தே அவள் கைகால்கள் யாருடையதோ மாதிரி வேலை செய்துகொண்டிருந்தன.

"கண்ணை மட்டும் தொறக்கச் சொல்லுங்க."

"தொறக்க மாட்டாரு சார்."

"ஒரு செகண்டுதாம்மா."

"வேணா சார், வுட்டுடு சார்," என்றான் பாலா.

பரணிதரன் சலித்துக்கொண்டே சிலேட்டில் பெயரையும் பயனாளி எண்ணையும் எழுதினார். "இதையாவது புடிச்சுக்கட்டும்," என்று குனிந்து, சிலேட்டைப் பிடிக்க வைப்பதற்காகச் சடையப்பனின் வலது கையைத் தூக்கினார். தூக்கியவர் அப்படியே நின்றார். பிறகு அந்தக் கையை மெதுவாக மடியிலேயே வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

சங்கரி அவருக்கும் நாற்காலிக்கும் நடுவே வந்து நின்றாள்.

"இன்னா சார்?"

"ஒண்ணுமில்ல." அவர் கையிலிருந்த சிலேட்டைப் பார்த்தார். "பேங்க் கணக்கு ரெண்டு பேர் பேர்லயும்தானே இருக்கு?"

"ஆமா சார்."

"சரி. நீங்க பக்கத்துல நின்னு சிலேட்டைப் புடிங்க. அவரு அப்படியே இருக்கட்டும்."

வேப்பமரம் வரை பின்னால் போய் நான்கு படம் எடுத்தார். அதில் ஒன்றைப் பொறுக்கி அனுப்பினார். அங்கே சிக்னல் எப்போதுமே தகராறு. போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு மெயின் ரோடு பக்கமாகத் திரும்பி நின்றார்.

முன்பு இரண்டு தடவையும் படம் எடுத்த கையோடு பறந்தவர் அவர். போகிற வழியில் ஏறிக்கொள்ளும் என்று சொல்லிவிட்டுப் போவார். இன்று கால்மணி நேரமாகியும் நகரவில்லை, நாற்காலிப் பக்கம் திரும்பவும் இல்லை. எதற்காக நிற்கிறார் என்று சங்கரி யோசித்தாள். யோசித்து, முந்தானை முடிச்சை அவிழ்த்து, மடித்த நோட்டு ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"டீ செலவுக்கு சார்."

"உள்ள வைங்கம்மா. உங்களுக்கு ஆகும்."

"கம்மின்னு நெனைக்காதீங்க சார். அப்பால வேணும்னா..."

"வைங்கன்னேன்ல."

அதட்டல் இல்லை, ஆனால் மறுபேச்சுக்கு இடமும் இல்லை. அவள் நோட்டைத் திரும்ப முடிந்துகொண்டாள். பாலா அண்ணியைப் பார்க்காமல் தரையைப் பார்த்தான்.

போன் ஒருமுறை சத்தம் போட்டது. பரணிதரன் திரையை நன்றாகப் பார்த்து, பிறகு அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். கூரை மட்டம், பதிவாகிவிட்டது என்று பச்சையில் எழுதியிருந்தது. சங்கரி எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுத் தலையை ஆட்டினாள்.

அவர் பைக் பக்கம் போகவில்லை. ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, நாற்காலிக்கு எதிரே வந்து நின்று, அக்கம்பக்கம் யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்.

"படம் ஏறிடுச்சும்மா, அண்ணனைக் கீழ படுக்க வெச்சுட்டு இனிமே நீங்க அழலாம்."