கண் திறந்த வெள்ளிக்கிழமை

ஸ்டுடியோ காலத்தில் பக்கம் பக்கமாக வசனம் பேசி ராஜாவாக நடித்த தணிகாசலம், இப்போது தொலைக்காட்சித் தொடரில் பேச்சுமூச்சில்லாமல் படுத்திருக்கும் மாமனார். பொங்கலுக்குப் படுத்தவர், ஆடி வந்தும் எழவில்லை. “என்னைச் சாகடிச்சிடுங்க தம்பி” என்று இயக்குநரிடம் கெஞ்சியும் பார்த்துவிட்டார். “ஐயோ, உங்க கட்டிலைச் சுத்தித்தானே ஐயா கதையே ஓடுது!” அன்று மருமகள் காலடியில் அழுதுகொண்டிருக்க, கேமரா ஓடும்போதே தணிகாசலம் மூக்குக்குழாயைப் பிடுங்கி எறிந்து எழுந்து உட்கார்ந்தார். “யாரங்கே!” பழைய ராஜாவின் குரலில் செட்டே அதிர்ந்தது. இயக்குநர்ப் பையன் ஓடிவந்து காலில் விழுந்தான். “பிரமாதம் ஐயா! வெள்ளிக்கிழமை இதோட ‘தொடரும்’னு போட்டுடறேன்.” தணிகாசலத்துக்குக் கண் கலங்கியது. “திங்கட்கிழமை எனக்கு என்ன வசனம்?” “வசனமா? மருமக கனவு கலைஞ்சு முழிச்சுக்கறா, ஐயா” என்றபடி, அவன் குழாயைத் துடைத்து, வலிக்காமல் அவர் மூக்கில் பொருத்தினான்.