சேமக்காலையின் முதல் தமிழர்

“டொலறஸ் அக்கா, சட்டன் சேமக்காலையில முதன்முதல் தாட்ட தமிழர் என்ரை அப்பாதான்! பங்குப் புத்தகத்தில அப்பிடியே எழுதுங்கோ!”

லண்டன் சட்டன் பங்கின் வரலாற்றை எழுதிக்கொண்டிருந்த டொலறஸிடம் அருள்நேசன் போட்ட சத்தம் கோயில் வாசல்வரை கேட்டது.

“அவரை எண்பத்தாறிலதானே தாட்டது? எண்பத்துநாலில ஒராள் இருக்கு, தம்பி.”

“ஆரந்தப் பெரிய மனுசன்? பேரைச் சொல்லுங்கோ பாப்பம்!”

டொலறஸ் கல்லறைப் பதிவேட்டின் நகலைத் திருப்பிக் காட்டினார்.

“அருள்நேசன், மன்னார். பிறந்த திகதியும் உம்மடைதான்.”

அந்தக் காலத்தில் அருள்நேசன் தன் பாஸ்போர்ட்டைக் கொடுத்து லண்டனுக்கு அனுப்பிவைத்த சிநேகிதன், அந்தப் பெயரிலேயே இங்கே அடக்கமாகியிருந்தான்.

“அப்ப நீர் ஆரின்ரை பாஸ்போட்டில வந்தனீர்?”

அருள்நேசன் நகலை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியேறினார். அடுத்த மாதமே லண்டனின் மறுகோடியில் உள்ள செவன் கிங்ஸுக்கு வீடு மாறிப் போய்விட்டார். அந்தப் பங்கில் அவருக்குப் பெயர், வந்த பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, மரியதாஸாம்.