இறங்காத முள்

கேன்டீனில் பொரித்து மிஞ்சிய எண்ணெயைத் துணியில் வடிகட்டி, டீசல் காரில் ஊற்றுவார் என் கணவர். கஞ்சத்தனம் என்பேன், சிக்கனம் என்பார். புகையில் வெங்காய வாசனை அடிக்கும். போன மாதம் ஒருமுறை டேங்கை நிரப்பினார். அதன்பின் எண்ணெய் அளவு காட்டும் முள் இறங்கவே இல்லை.

"தினம் அறுபது கிலோமீட்டர் ஓட்டுறேன். சொட்டுகூடக் குறையல."

பெருமையாகச் சொல்லிக்கொண்டே பெல்ட்டில் புது ஓட்டை போட்டார். அது மூன்றாவது.

"ஒழுங்கா சாப்பிடுறீங்களா?"

"ரெண்டு ஆள் சாப்பாடு சாப்பிடுறேனே."

இன்று காலை அவரால் எழ முடியவில்லை. பின்சீட்டில் படுக்கவைத்து, முதல்முறையாக நானே காரை ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். முள் நிறைந்தே நின்றது. பாதி வழியில் கியர் மாற்றும்போது, சோப்புப் போட்டாலும் கழலாத என் மோதிரம் தானாக நழுவிக் காலடியில் விழுந்தது.